இடது பக்கத்து இரைச்சல்

பிப்ரவரி 6
(தாள் 1)

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் நான் பாதியில் தொடங்குகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் நம் ஒப்பந்தப்படி எழுதுகிறேன். கடிதத்தில் சண்டை போட்டால் தபால் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆறிவிடுகிறது.

ஒரு குழப்பம், அக்கா. அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் எரியும். இப்போது அந்த நாற்காலியில் என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணுக்குப் பதில் காது.

கண்ணாடிக் கடைக்கும் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் என்பது உனக்குத் தெரியும். ஒரு பக்கம் கடை, மறுபக்கம் உன் தம்பி மனைவியின் தையல் மெஷின். நடுவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது என்பது சந்தையில் சாமி கும்பிடுவது மாதிரி. போன மாதம் நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கினேன். அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் இல்லையென்றால், ஹெட்போன் வாங்கியதே வீண் என்கிறார் கடைக்காரர். இருக்கிற பழைய ஆம்ப் அதற்குப் போதவில்லை. அந்தக் கால ரேடியோவில் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் சிவப்பாக எரியுமே, வால்வு, அது மறுபடி வந்திருக்கிறது. அதில்தான் மூன்று வகை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், கேள்.

(தாள் 2)

முழுக்க வால்வு என்றால் அருமையாக இருக்குமாம். ஆனால் சில வருஷத்தில் தேய்ந்துபோகும், மறுபடி மாற்ற வேண்டும். வால்வே வேண்டாம் என்று விட்டுவிட்டால் செலவும் குறைவு, தொல்லையும் குறைவு. ஆனால் "உசுரு இருக்காது சார்" என்கிறார். மூன்றாவது, இப்போது பலரும் விரும்புவது, கலப்பு. முன்னால் வால்வு, பின்னால் வேறு. உள்ளே எப்படி இருக்கும் என்று திறந்தே காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொருவரிடமும் போனேன். "அவர் பேச்சக் கேட்டீங்க, அவ்ளோதான்" என்றார் இவர்.

இப்போது இருப்பதில் இடது பக்கம் உம்மென்று ஓர் இரைச்சல். முதலில் எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தேன். அவரும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, "இத வச்சிக்கிட்டு இன்னும் எத்தன நாள் ஓட்டுவீங்க?" என்றார்.

இவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வீடு ரெண்டாகிவிடும். எல்லாம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். நீயும் வாயைத் திறக்காதே.

நம் குடும்பத்தில் காது உனக்குத்தான். எனக்கு எது சரிப்படும், நீ சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மேலே "தாள் 2" என்று இருக்கிறது. தேதி இல்லை, "அன்புள்ள" இல்லை, எடுத்த எடுப்பில் "முழுக்க வால்வு என்றால்" என்று தொடங்குகிறது. உனக்கு நடுப்பக்கம் என்று நான் பெயர் வைத்தது சும்மா இல்லை. நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்ற சேதியைக்கூட நடுவிலிருந்து சொல்ல உன்னால்தான் முடியும். முதல் தாளைப் பதற்றத்தில் உறையில் போட மறந்திருப்பாய். பரவாயில்லை. அதில் "பயப்படாதே அக்கா" என்று இருந்திருக்கும்.

நான் பயப்படவில்லை. நீயும் பயப்படாதே. இதெல்லாம் இப்போது தினமும் செய்கிறார்கள்.

நிதானமாகக் கேள். வால்வில் இரண்டே வகைதான். உலோகம் ஒன்று, திசு ஒன்று. உலோகம் உன் ஆயுசுக்கும் வரும். ஆனால் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. திசு என்றால் அந்த மாத்திரைத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும், மறுபடி மாற்ற வேண்டும். இன்னொன்று. உலோகம் வைத்தவர்களுக்கு அமைதியான இடத்தில் டிக் டிக் என்று கேட்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கே சில சமயம் கேட்கும்.

கலப்பு என்று ஒன்று கிடையாது. எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "யாரும்மா அப்படிச் சொன்னது?" என்று சிரித்துவிட்டார். அந்த ஆளிடம் இனிப் போகாதே. வால்வே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. விட்டால் உசுரு இருக்காது என்று அவர் சொன்னது ஒன்றுதான் சரி.

காது உனக்குத்தான் என்று எழுதியிருக்கிறாய். காது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பயத்தில் கை எதையாவது எழுதும். கோர்ட்டில் சாட்சி சொல்பவர்கள் பயத்தில் உளறுவதைச் சுருக்கெழுத்தில் எழுதி எழுதியே ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரியும்.

கேட்கிறதற்கு ஒளிக்காமல் பதில் எழுது. மாடிப்படி ஏறும்போது மூன்றாவது திருப்பத்தில் நின்றுவிடுகிறாயா? யாராவது பார்த்தால் சாவியைத் தேடுவது போல நிற்கிறாயா? படுத்தால் இருமல் வருகிறதா, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறதா? சாயங்காலம் செருப்பின் வார் காலில் பதிகிறதா?

உன் மனைவியிடம் இன்றே சொல். இதையெல்லாம் ஒரு ஆள் மட்டும் மனதில் வைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். தேதி தெரிந்ததும் எழுது. நான் வந்து இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் விலைப் புத்தகத்துக்குள் இருந்தது. முதலில் அதைப் படி. படித்துவிட்டுத் திட்டு. திட்டி முடித்துவிட்டு இதைப் படி.

எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். பாட்டுக் கேட்கிற பெட்டிக்குத்தான் வால்வு.

உன் கடிதம் வந்தபோது நான் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் இவள் பிரித்திருக்கிறாள். தடுப்பைத் தாண்டி வந்து நின்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"எந்திரிங்க. கடைய மூடுங்க."

"ஆள் உக்காந்திருக்காரு, பாரு."

"அவருக்குக் கண்ணுதானே? ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

ஆம்ப்ளிஃபயர் சமாச்சாரம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். "மறைக்கல. வாங்கி வச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன்.

"வாங்கி வச்சிட்டா? அதக் கடையிலயா விக்கிறான்?"

"பின்ன? ரெண்டு கடையில பாத்தாச்சு. ஒரு கடைக்காரர் போட்டுப் பாத்துட்டு வேணாம்னா திருப்பிக் குடுங்கங்கிறாரு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண் பரிசோதனைக்கு வந்தவர், "சார், நீங்க ஒடம்பப் பாருங்க, நான் அப்புறமா வரேன்" என்று எழுந்து, முகத்தில் மாட்டியிருந்த சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலே நடந்து, கதவில் முட்டிக்கொண்டார். பிறகுதான் அவள் கையில் இருந்த கடிதத்தை வாங்கிப் படித்தேன்.

உண்மை தெரிந்ததும் வீடு ரெண்டானது. அதை எழுதப் போவதில்லை. "நெஞ்சு வலின்னு பொய் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றாள். அது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை மறுபடி கேட்டு வாங்கிப் படித்தாள்.

"நம்ம வீட்டுல மாடிப்படி எங்கங்க இருக்கு?"

"இல்ல."

"அண்ணி எத்தனாவது மாடி?"

"மூணு."

உன் கடிதத்தில் மாடிப்படி என்று இருந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். என் சிரிப்பும் அதோடு நின்றுவிட்டது.

அக்கா, உனக்குத் தெரிந்த டாக்டரம்மா யார்? உனக்கு எப்படித் தெரியும் அவரை?

உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள நடுப்பக்கத்துக்கு,

தாள் 1 படித்தேன். திட்ட வார்த்தை கிடைக்கவில்லை. உனக்காக நான் கிளம்பத் துணி எடுத்து வைத்துவிட்டேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

கேட்பது ஒரே ஆள், இரண்டே காது. அதற்கு இத்தனை வகைப் பெட்டியா என்று எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனாலும் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கலப்பையே வாங்கு. முழு வால்வு வாங்கினால் அது எப்போது தேயும் என்று தினமும் கவலைப்படுவாய். வால்வு இல்லாததை வாங்கினால் உசுரு இல்லையோ என்று கவலைப்படுவாய். உனக்கு எதையும் முழுசாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. சாப்பிடப் போனாலும் பக்கத்து இலையையே பார்ப்பவன் நீ. பாதிக்குப் பாதி என்றால்தான் நிம்மதியாக இருப்பாய்.

பார், உன் விஷயம் எனக்கு எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது.

உன் மனைவி கெட்டிக்காரி. கோர்ட்டில் இருந்திருக்க வேண்டியவள். ஆம், எனக்குத்தான். இடது பக்கத்து வால்வு சுருங்கிவிட்டது. நெஞ்சில் கருவியை வைத்தால் இரைச்சல் கேட்கிறதாம். நீ அதே வார்த்தையை எழுதியிருந்தாய், அதுதான் என்னை ஏமாற்றிவிட்டது. தள்ளிப்போடக் கூடாது என்கிறார்கள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். பயத்தால் இல்லை. எந்த வால்வு என்று தெரியவில்லை.

"உங்க வயசுக்கு ரெண்டும் சரிதாம்மா. உங்க விருப்பம்தான்" என்கிறார் டாக்டரம்மா. ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்றேன். "நான் சொன்னா அது என் விருப்பமா ஆயிடும்" என்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியவள் நான். என் விருப்பம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லி எழுதவைத்ததில்லை.

உலோகம் என்றால் ஒரே தடவையோடு முடிந்தது. இன்னொரு முறை யாரையும் அலையவிட வேண்டாம். அதனால் மனம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஆனால் அந்தச் சத்தம். ஆஸ்பத்திரியில் உலோகம் வைத்த ஒரு லாரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டைக்குள்ளிருந்து டிக் டிக் என்று வந்தது. கைக்கடிகாரம் என்று நினைத்து மணி கேட்டேன். சிரித்தார். "மொதல்ல தூக்கமே வரலம்மா. இப்ப அது நின்னுடுமோன்னுதான் பயம்" என்றார். எனக்கு எது காதில் விழுந்தாலும் விரல் தானாகத் தொடைமேல் எழுதும், உனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக்கும் என் விரல் ஒரே சின்னக் கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்தது. ஆயுசுக்கும் அதையே எழுதுவதா?

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. கிளம்பி வந்து நிற்காதே. நீ வந்தால் உனக்குச் சமைக்கவேண்டியிருக்கும்.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

வரவில்லை. வந்து நிற்காதே என்று எழுதிவிட்டாய், அதனால் எழுதுகிறேன். இவள் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை, "அண்ணிக்கு எழுதினீங்களா?"

கலப்பு வாங்கிவிட்டேன். கடைக்காரர் மூன்றையும் இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?" என்று கேட்டார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. உன்னுடைய லாரி டிரைவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். கண் பரிசோதிக்கும்போது எனக்கு வருகிற அதே முகம்தான். நீ சொன்னாய் என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தேன்.

வீட்டில் வைத்துப் போட்டால், இடது பக்கம் அதே உம். பெட்டி புதிது, இரைச்சல் பழையது. வால்வுகளை இடம் மாற்றினேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "எங்க பெட்டியில வராதுங்க" என்றார். கடைசியில் இவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட எழுந்தாள். உம் நின்றுவிட்டது. மறுபடி மெஷினை ஓட்டச் சொன்னேன். உம் வந்தது. இடது பக்கத்து ஒயர் மெஷின் மோட்டாரை உரசிக்கொண்டு போகிறது, அக்கா! பழையதிலும் குறை இல்லை, புதியதிலும் இல்லை. சத்தம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. "ரெண்டு பல்பு எரியுது. இதுக்கா இவ்ளோ?" என்றாள் இவள். பிறகு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டவள், சோறு ஆறும்வரை கழற்றவில்லை.

இப்போது உன் விஷயம். எனக்கும் அது சுலபமாகத்தான் தெரிகிறது.

கடையில் "ரெண்டும் ஒரே மாதிரி" என்பவர்களிடம் நான் சில்லை மாற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். "இதப் போட்டுக்கிட்டு எங்க இருப்பீங்க?" வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு பதில், துணி தைக்கிறவருக்கு ஒரு பதில். கண்ணை மட்டும் பார்த்தால் அது தெரியாது. நீ மூன்றாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கப்போவதாக நினைத்துத் தேர்ந்தெடுக்கிறாய். அப்படி இருக்கிற ஆளுக்குத்தான் "ஒரே தடவையோடு முடிந்தது" என்பது பெரிய லாபமாகத் தெரியும்.

அந்தச் சத்தத்தையும் சோதித்துப் பார்த்தேன். சாவி கொடுக்கிற என் கைக்கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். "நம்மாலயே முடியல, அண்ணிக்கு எப்படி முடியும்?" என்றாள் இவள். உன்னைப் பார்க்க வரும்போது அதைக் கட்டிக்கொள்ள மாட்டேன், சத்தியம்.

திசு வை, அக்கா. அது தேய்ந்தால் தேயட்டும். மறுபடி மாற்றும்போதும் நாங்கள் இருப்போம். எனக்கு முட்டி வலிக்கும், முனகுவேன், ஆனால் இருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வா. இங்கே மாடிப்படி கிடையாது. இரைச்சல் உண்டு, ஆனால் அது உன்னுடையதாக இருக்காது.

நான் வரட்டுமா?

உன் தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்தேன். தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். எழுத்துப்பிழை நிறைய. வேறு தப்பு கிடைக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் திசு என்று சொல்லிவிட்டேன். "உங்க விருப்பமா?" என்றார். "என் தம்பி விருப்பம். அவன் பெட்டிய நான் தேர்ந்தெடுத்தேன், என் வால்வ அவன் தேர்ந்தெடுத்தான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உள்ளே திறந்து பார்த்தபின், அளவு ஒத்துவரவில்லை என்றால் உலோகம்தான் வைக்கவேண்டி வருமாம். அபூர்வம் என்கிறார்கள். ஆனால் அதற்கும் சம்மதம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். விழித்த பிறகுதான் எனக்குத் தெரியும். யாரும் சொல்லவேண்டியதில்லை, காதே சொல்லிவிடும்.

வருகிற 19ஆம் தேதி. முந்தின நாளே சேர வேண்டும். கூட ஒரு ஆள் இருக்கவேண்டுமாம். நீ "வரட்டுமா" என்று எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிடு.

வரும்போது அந்த ஹெட்போனைக் கொண்டுவராதே. கூப்பிட்டால் உனக்குக் கேட்கவேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. மோட்டாரை உரசும் ஒயரைத் தள்ளிப் போடச் சொல். அவள் செய்வாள், நீ செய்யமாட்டாய்.

அக்கா


இன்று என்ன தேதி, தெரியவில்லை

தம்பிக்கு,

பேனா தரவில்லை. பென்சில். தொண்டையில் குழாய். பேச முடியாது.

டிக் டிக் என்று கேட்கிறது. விரல் எழுதுகிறது.

எனக்குள்ளா, உன் கையிலா?

சும்மா தலையை ஆட்டாதே. சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டு.


அதே தேதி

கடிகாரம் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தாய்.

வேண்டாம், கழற்றாதே. உன்னுடையதுதானே. இங்கேயே, பக்கத்திலேயே இரு.

அக்கா